வகுப்பு முழுக்க எலி: வேடமிட்டு விளையாடிய மூன்று சீனக் கதைகள்

ஆண்டுகளுக்கு 12 மிருகங்களின் பெயரை வரிசையாக வைக்கும் சீன வழக்கில் 2020 எலி ஆண்டு. கணக்காகச் சொன்னால் அந்த ஆண்டு ஜனவரி 25ஆம் தேதிதான் எலி பிறந்தது. அதற்கு முந்தைய மூன்று வாரங்களில் பிறந்த பிள்ளைகள் பன்றி ஆண்டைச் சேர்ந்தவர்கள். 2025இல் சிங்கப்பூரில் ஒரு பாலர் பள்ளியில் நான் கே1 வகுப்பு எடுத்தேன். ஐந்து வயதுப் பிள்ளைகள் 16 பேர். அதில் 15 பேர் எலி, ஒருத்தி மட்டும் பன்றி. அந்த ஒருத்தியும், கதையில் இடமே கிடைக்காமல் போன ஒரு பூனையும் இல்லையென்றால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

பிள்ளைகள் சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று கலந்து இருந்தார்கள். நான் வகுப்பாசிரியை, தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழும் எடுப்பேன். மாண்டரின் எடுக்க இன்னோர் ஆசிரியை வருவார். பிள்ளைகள் அவரை லாவ்ஷி என்பார்கள், அதாவது ஆசிரியர். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். முந்தைய ஆண்டு இறுதியில் நாங்கள் இருவரும் ஒன்றைக் கவனித்தோம். எங்கள் பிள்ளைகளுக்குப் பணம் வைத்துத் தரும் சிவப்பு உறையான அங் பாவ் தெரியும், சிங்க நடனம் தெரியும், நிலாத் திருவிழாப் பலகாரமான மூன்கேக் தெரியும், தாங்லுங் விளக்கு தெரியும். இவற்றுக்குப் பின்னால் கதைகள் இருப்பது தெரியாது. சீனப் பிள்ளைகளிலும் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. கதையை லாவ்ஷி சொல்லட்டும், அப்புறம் என் நேரத்தில் பிள்ளைகள் வேடம் கட்டி விளையாடட்டும் என்று முடிவு செய்தோம். ஆண்டுக்கு மூன்று கதை: நியான், 12 மிருகங்களின் பந்தயம், நிலவுக்குப் போன சாங்அ. வேட மூலையில் நடந்ததை அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வந்தேன். பிள்ளைகள் பேசியது பெரும்பாலும் ஆங்கிலம், நடுநடுவே மாண்டரினும் தமிழும். இங்கே எல்லாவற்றையும் தமிழாக்கியே தருகிறேன்.

ஜனவரி: நான் கெடுத்த நியான்

பாம்பு ஆண்டு 2025 ஜனவரி 29 அன்று பிறந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் தொடங்கினோம். நியான் ஒரு மிருகம். ஆண்டின் கடைசி இரவில் ஊருக்குள் வந்து ஆளையும் ஆட்டையும் தின்னும். சிவப்பு, நெருப்பு, பெரிய சத்தம் ஆகிய மூன்றுக்கும் அது அஞ்சும். நியான் என்ற சொல்லுக்கே ஆண்டு என்று பொருள். புத்தாண்டு கொண்டாடுவதற்கு மாண்டரினில் குவோ நியான் என்று பெயர். ஆண்டைக் கடப்பது என்பது நேர்ப் பொருள். நியானிடம் தப்பி மறுகரை சேர்வது என்று கதைசொல்லிகள் அதை விரிப்பார்கள். அந்தக் காலத்தில் மூங்கிலைத் தீயில் போட்டு வெடிக்க வைத்தார்கள், பட்டாசுக்கு இன்றைக்கும் பாவ்ஜு, வெடிக்கும் மூங்கில், என்றுதான் பெயர். சிங்கப்பூரில் 1972 முதல் மக்கள் தாங்களாகப் பட்டாசு வெடிக்கத் தடை இருப்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் பழக்கமில்லை.

லாவ்ஷி கதையை அருமையாகச் சொன்னார். தவறு செய்தது நான். இணையத்தில் தேடி, ஆயத்த உடைகள் ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தேன். பளபளக்கும் சாட்டின் அங்கி, பித்தான் வைத்த மேல்சட்டை, பின்னால் பொய்ச்சடை தொங்கும் கறுப்புத் தொப்பி, நியானுக்கென்று முழு முகத்தையும் மூடும் பெரிய தலை. பெட்டியைத் திறந்ததும் லாவ்ஷி அந்தத் தொப்பியைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "டீச்சர், இந்தச் சடை சீனாவைப் பிடித்து ஆண்ட மஞ்சு அரசர்கள் எங்கள் ஆண்கள்மேல் சட்டம் போட்டுத் திணித்தது. 17ஆம் நூற்றாண்டில் சடை வைக்க மறுத்தவர்களின் தலையை வெட்டினார்கள். 1911 புரட்சிக்கு அப்புறம் அதை வெட்டி எறிந்துவிட்டோம்." நான் அதைச் சீனர் தொப்பி என்று மட்டுமே நினைத்து வாங்கியிருந்தேன். தொப்பிகள் அன்றைக்கே பெட்டிக்குத் திரும்பிப் போயின.

மற்ற உடைகளைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டோம். அவ்வளவுதான், விளையாட்டு நின்றுபோனது. எல்லாரும் வரிசையாக நின்று என் கைப்பேசியைப் பார்த்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை உடை போட்டால் படம் எடுப்பார்கள். ஓடச் சொன்னால் அங்கி காலில் தட்டியது. உட்காரச் சொன்னால் சாட்டின் வழுக்கியது. ஒரு பிள்ளை, "இது கிழிஞ்சா அம்மா திட்டுவாங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நோட்டில் எழுதி அடிக்கோடிட்டு வைத்தேன்.

அதைவிட மோசமானது நியான் தலை. உதவி ஆசிரியை அதை மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னாலிருந்து வந்தார். இரண்டு பிள்ளைகள் கத்தி அழுதார்கள். ஒரு பையன் அழக்கூட இல்லை, சுவரோடு ஒட்டி நின்று கால்சட்டையை நனைத்துவிட்டான். அன்று மாலை அவன் அம்மாவிடம் நானே நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

இந்த வயதுக்கு முகமூடி வெறும் பொருள் இல்லை. அமெரிக்க உளவியலாளர் ரீட்டா டிவ்ரீஸ் 1969இல் வெளியிட்ட ஓர் ஆய்வு ஆசிரியப் பயிற்சியில் சொல்லித்தரப்படும். மேனார்ட் என்ற சாதுவான பூனையைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். பிறகு அதன் வாலை மட்டும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்க, முகத்துக்கு நாய் முகமூடி மாட்டினார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளில் பலருக்கு அது நாயாகவே ஆகிவிட்டது. ஆறு வயதுப் பிள்ளைகள் அப்படி ஏமாறவில்லை. எங்கள் பிள்ளைகள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தார்கள். பயிற்சியில் படித்ததுதான். ஆனாலும் பெட்டியில் வந்த பொருள் அழகாக இருக்கிறதே என்று மறந்துபோனேன்.

துணி மாறியது

அடுத்த வாரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் துணி மட்டும் வைத்தோம். லிட்டில் இந்தியாவில், தேக்காவில் மீட்டர் கணக்கில் வாங்கிய சிவப்புப் பருத்தி, சாம்பல் நிறக் காலுறைகள், பழைய துப்பட்டாக்கள், நெற்றியில் மாட்டும் அட்டைப் பட்டைகள். கழுத்தில் எதையும் முடிச்சுப் போட்டுக் கட்டக் கூடாது என்று ஒரே ஒரு விதி வைத்தேன். தோளில் நிற்க வேண்டியதற்கு ஒட்டுப்பட்டை தைத்தேன், இழுத்தால் கையோடு வந்துவிடும். மிருக முகங்கள் எல்லாம் நெற்றிப் பட்டையில் மேலே நிற்கும். கீழே பிள்ளையின் முகம் முழுசாகத் தெரியும். யாருக்கும் மூச்சு முட்டாது, எதிரில் இருப்பவளுக்கும் இவன் யார் என்பதில் சந்தேகம் வராது.

நியானுக்குக் குளிர்பெட்டி வந்த அட்டைப்பெட்டி. அடிப்பக்கத்தை வெட்டி எடுத்து, கைப்பிடி ஓட்டை போட்டு, வண்ணமும் பிள்ளைகளே பூசினார்கள். பூசும்போதே அது என்ன என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நான்கு நாள் எல்லாரும் ஊர்க்காரர்களாகவே இருந்தார்கள். சிவப்புத் துணியை வீசி, தட்டுகளைத் தட்டிப் பெட்டியை விரட்டினார்கள். சுவரோடு ஒட்டி நின்ற அந்தப் பையன் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் கூப்பிடவில்லை. ஐந்தாம் நாள் யாரும் இல்லாத நேரத்தில் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே இருந்தபடியே, "மெதுவா தட்டுங்க. நியானுக்குக் காது வலிக்குது," என்றான். ஊர்க்காரர்கள் தட்டை வைத்துவிட்டு விரலால் தட்டினார்கள். அவன் பெட்டியோடு எழுந்து இரண்டு அடி வைத்தான். ஒருத்தி, "நியான் பசியா இருக்கு," என்று சொல்லிப் பொம்மைச் சோறு கொண்டுவந்தாள்.

லாவ்ஷி சொன்ன கதையில் அப்படி எதுவும் இல்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. லாவ்ஷிக்குக் கொஞ்சம் தயக்கம். "சோறு போட்டால் நியான் நாய்க்குட்டி ஆகிவிடாதா? அப்புறம் சிவப்பு எதற்கு?" என்று கேட்டார். ஆண்டு முழுக்க எங்களுக்குள் நடந்த வாக்குவாதம் இந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

ஏப்ரல்: பந்தயம்

எங்கள் வேட விளையாட்டின் நடுப்பகுதி இதுதான், இதற்கே நான்கு வாரம் எடுத்துக்கொண்டோம். வானுலகத்து ஜேடு பேரரசர் மிருகங்களை அழைக்கிறார். ஆற்றைக் கடந்து முதலில் வரும் 12 மிருகங்களுக்கு ஆளுக்கோர் ஆண்டு. எலி எருதின் முதுகில் ஏறி வந்து, கரையில் முன்னால் குதித்து முதலிடம் பிடிக்கிறது. எருது இரண்டாவது. புலி வெள்ளத்தோடு மல்லுக்கட்டி மூன்றாவது. முயல் கல்லுக்குக் கல் தாவி, கடைசியில் ஒரு மரக்கட்டையில் மிதக்கிறது. பறக்கத் தெரிந்த டிராகன் முதலில் வந்திருக்க வேண்டும். வழியில் மழை பெய்விக்க நின்றது, அப்புறம் முயலின் கட்டையைக் கரைக்கு ஊதித் தள்ளிவிட்டு ஐந்தாவதாக வருகிறது. பாம்பு குதிரையின் குளம்பில் சுற்றிக்கொண்டு வந்து அதை மிரட்டி ஆறாவது, குதிரை ஏழாவது. ஆடும் குரங்கும் சேவலும் சேர்ந்து தெப்பம் கட்டி வருகின்றன. நாய் தண்ணீரில் விளையாடிக்கொண்டே பதினொன்றாவது. பன்றி வழியில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியதால் பன்னிரண்டாவது. பூனையை எலி ஆற்றில் தள்ளிவிட்டது. எழுப்புவதாகச் சொல்லிவிட்டு எழுப்பாமல் போனது என்று சொல்வதும் உண்டு. லாவ்ஷி தள்ளிவிட்ட கதையைச் சொன்னார்.

கணக்கு கச்சிதமாக இருந்தது. மிருகங்கள் 12, ராஜா ஒருவர், பூனை ஒன்று, ஆற்றின் இரண்டு முனையைப் பிடிக்க இருவர். மொத்தம் 16.

அந்த ஆறு எங்களுக்குக் கிடைத்த கதையையும் சொல்ல வேண்டும். பன்றி ஆண்டில் பிறந்தவள் ஒரு தமிழ்ப் பெண். அவளைக் கூட்டிப்போக தினமும் பாட்டிதான் வருவார். துணி கேட்டுப் பெற்றோருக்குக் குறிப்பு அனுப்பியிருந்தேன். மறுநாள் பாட்டி ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் கொடுத்து, "ஏம்மா டீச்சர், இது ஆகுமா பாரு. கட்டிக் கட்டி அலுத்துப்போச்சு, ஆனா கிழியாது," என்றார். மயில் நீலத்தில் ஒரு நைலக்ஸ் புடவை. ஐந்தரை மீட்டர். இரண்டு பக்கமும் பிடித்து அசைத்தபோது வகுப்பறைக்கு நடுவே நிஜமாகவே தண்ணீர் ஓடியது. பிள்ளைகள் ஒரே நேரத்தில் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். ஆயத்த உடைப் பெட்டியால் இப்படி ஒரு நொடியைக்கூடத் தர முடியவில்லை. ஆற்றை அசைக்கும் வேலைக்குத்தான் கடைசிவரை போட்டி அதிகம்.

தங்கள் மிருகம் எது என்று முதல் நாளே லாவ்ஷி சொல்லிவிட்டார். பதினைந்து எலிகளும் கீச்சுக் கீச்சென்று கத்திக் கொண்டாடின. பாட்டியின் பேத்தி மட்டும் தனியாக நின்றாள். "நான் எப்போ எலி ஆவேன்?" என்று என்னிடம் கேட்டாள். ஆக முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லாவ்ஷி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தாளில் எழுதிக் காட்டினார். மேலே ஒரு கூரை, அதற்குக் கீழே ஒரு பழைய எழுத்து. "கூரைக்குக் கீழே என்ன தெரியுமா? பன்றி. இரண்டும் சேர்ந்தால் ஜியா. ஜியா என்றால் வீடு. பன்றி இல்லாமல் வீடு என்று எழுதவே முடியாது." அவள் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் பந்தயம் தொடங்கியபோது அவள் ஓடவில்லை. கரையில் இரண்டு நாற்காலிமேல் ஒரு துப்பட்டாவைப் போட்டு, அதற்குக் கீழே உட்கார்ந்து பொம்மைத் தட்டில் எதையோ சாப்பிட்டாள். எல்லா மிருகமும் போன பிறகு எழுந்து, கூரையையும் தலைமேல் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தாள். பன்றி ஏன் தாமதமாக வந்தது என்பதற்கு இதைவிட நல்ல காரணத்தை நான் கேட்டதில்லை. வீட்டையும் சேர்த்துக் கொண்டுவந்தது.

பன்றியைப் பற்றி இன்னொன்று. வேடம் தொடங்கும் முன்பே மலாய்ப் பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசிவிட்டேன். கதையைக் கேட்பதில் அவர்களுக்கு எந்த மறுப்பும் இல்லை, பன்றி வேடமும் நாய் வேடமும் மட்டும் வேண்டாம் என்றார்கள். வேடத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கும் முறை என்பதால் அது சுலபமாக நடந்தது. முன்கூட்டிப் பேசாமல் சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தால் ஒரு குடும்பத்தை வீணாக நோகடித்திருப்போம்.

இரண்டாம் வாரம் பூனை பிரச்சினை ஆனது. பூனை வேடத்தை ஒரு சீனப் பெண் பிள்ளை விடாமல் எடுத்து வந்தாள். மாண்டரினில் பூனைக்கு மாவ் என்று பெயர், பூனை கத்துவது போலவே இருக்கும். மாவ், மாவ் என்று கத்திக்கொண்டே ஆற்றில் விழுவதில் முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான். நான்காம் நாள் விழுந்தவள் எழுந்து ராஜாவிடமே போனாள். "எலி தள்ளிவிட்டது. எல்லாரும் பார்த்தாங்க. ஏன் அதுக்கு ஃபர்ஸ்ட்?" ராஜா வேடத்தில் இருந்த பையன் என்னைப் பார்த்தான். எலி வேடத்தில் இருந்தவன், "கதையில அப்படித்தான்," என்றான். அவள், "கதை தப்பு," என்றாள்.

பதினைந்து பேரும் எலி ஆண்டுப் பிள்ளைகள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். எலியைக் குற்றம் சொன்னால் அது வகுப்பையே குற்றம் சொன்ன மாதிரி. அவளும் எலிதான். இரண்டு நாள் காரசாரமாகப் பேசினார்கள். ஒருவன், எலி சின்னது, வேறு வழி இல்லை என்றான். இன்னொருத்தி, எலி மன்னிப்புக் கேட்டுவிட்டால் போதும் என்றாள். ஐந்து வயதில் இவ்வளவு நேரம் ஒரே விஷயத்தை இவர்கள் பேசி நான் பார்த்ததில்லை. வட்டமாக உட்கார வைத்து, எலி செய்தது சரியா என்று நான் கேட்டிருந்தால், டீச்சர் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். வால் கட்டியிருந்ததால்தான் அவர்கள் மனதில் பட்டதைப் பேசினார்கள்.

பதின்மூன்றாவது இடம் ஒன்று கொடுத்துவிடலாமே என்று நான் லாவ்ஷியிடம் கேட்டேன். அவர் கறாராக மறுத்தார். "டீச்சர், 12 என்பது விளையாட்டுக்காக வைத்த எண் இல்லை. என் பாட்டியிடம் வயது கேட்டால் மிருகத்தின் பெயரைத்தான் சொல்வார். 12 ஆண்டுக்கு ஒரு சுற்று, அதை வைத்துத்தான் கணக்கு. பதின்மூன்று ஆக்கினால் எங்கள் வீட்டில் எல்லாருடைய வயதும் தப்பிப்போகும்." நான் யோசித்துப் பார்த்தேன். நம் அறுபது ஆண்டுச் சுற்றில் பிரபவ, விபவ வரிசையில் யாராவது இரக்கப்பட்டு இன்னொரு பெயரைச் சேர்த்தால் நானும் விடமாட்டேன்தான்.

அப்புறம் லாவ்ஷியே ஒரு வழியைக் கொண்டுவந்தார். வியட்நாமிலும் இதே 12 ஆண்டுச் சுற்று இருக்கிறது. அங்கே முயலுக்குப் பதிலாகப் பூனை. எருதுக்குப் பதில் நீரெருமை. 2023 நமக்கு முயல் ஆண்டு, அவர்களுக்குப் பூனை ஆண்டு. இதை அவர் சொன்னதும் பூனைக்காரி எழுந்து குதித்தாள். மறு நிமிடமே முயல் வேடத்தில் இருந்தவன் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ நான்?" என்றான். அரை நிமிடம் யாரும் பேசவில்லை. ஆற்றின் முனையைப் பிடித்திருந்த ஒரு மலாய்ப் பையன்தான் சொன்னான்: "ரெண்டு தடவை ஓடலாம். இந்தப் பக்கம் சைனா. அந்தப் பக்கம் வியட்நாம்." அப்படியே ஓடினார்கள். ஒரு கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனபோது முயல் ஜெயித்தது, பூனை விழுந்தது. திரும்பி வந்தபோது பூனை ஜெயித்தது, முயல் கரையில் உட்கார்ந்து கையாட்டியது. மீதி இரண்டு வாரமும் இப்படித்தான் நடந்தது. இரண்டு கதையும் உடையாமல் இருந்ததால் லாவ்ஷிக்கும் திருப்தி.

இங்கே என் நிலைப்பாடு மாறியது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் குழந்தைகளுக்கு ஏற்றபடி கதையை நாமே மென்மையாக்கிச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. சொல்லும்போது கதை அதன் முரட்டுத்தனத்தோடு, அதன் எண்ணிக்கையோடு, அப்படியே வரட்டும். பூனை விழட்டும். அப்போதுதான் பிள்ளைகள் பிடித்து இழுத்துப் பார்க்க அதில் ஏதாவது இருக்கும். விளையாட்டு தொடங்கிய பிறகு நியானுக்குச் சோறு போடுவதும் வியட்நாமுக்கு ஓடுவதும் அவர்கள் பாடு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகப் பள்ளியில் பல ஆண்டுகள் பாலர் வகுப்பு எடுத்த விவியன் பேலி ஒரு வழக்கம் வைத்திருந்தார். பிள்ளை சொல்லும் கதையை ஆசிரியர் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதிக்கொள்வார், வகுப்பு கூடி அதை நடிக்கும். அதை நானும் சேர்த்துக்கொண்டேன். ஒவ்வொரு வெள்ளியும் அந்த வாரத்து விளையாட்டை ஒரு பிள்ளை சொல்லச் சொல்ல எழுதினேன். லாவ்ஷியின் கதை ஒரு தாளில், பிள்ளையின் கதை இன்னொரு தாளில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினோம். பெற்றோர் வந்து இரண்டையும் படித்தார்கள்.

இரண்டு சின்ன விஷயங்கள்

மூன்றாம் வாரம் ஒரு தமிழ்ப் பையன், ராஜா வேடத்தில் இருந்தபோது, இரண்டு விரலால் கண்ணை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டான். "நான் சைனா ராஜா," என்றான். எதிரில் இருந்த சீனப் பிள்ளைகளில் ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி தரையைப் பார்த்தாள். அவன் எங்கேயோ பார்த்ததைச் செய்கிறான், கெட்ட எண்ணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்காகச் சும்மா விட முடியாது. பக்கத்தில் போய் அவன் கையை மெதுவாகக் கீழே இறக்கி, "ராஜாவுக்குக் கண் இழுக்காது. ராஜா எப்படி உட்காருவார், எப்படிக் கூப்பிடுவார், அதைக் காட்டு," என்றேன். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து கையை நீட்டினான். அன்று மாலை அவன் அப்பாவிடமும் சொன்னேன். வேடம் என்பது ஒருவரின் உடம்பைக் கேலி செய்வது இல்லை என்பதை ஐந்து வயதிலேயே சொல்லிவிட முடியும், பெரிய பிரசங்கம் தேவையில்லை.

இன்னொன்று வெள்ளைத் துணி. முயல் காதுக்காக ஒருத்தி வெள்ளைத் துணியை நெற்றியைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். லாவ்ஷி வேகமாக வந்து அதை அவிழ்த்து, சாம்பல் நிறப் பட்டையை மாட்டிவிட்டார். சீனர் வீடுகளில் நெற்றியில் வெள்ளைத் துணி கட்டுவது துக்கத்துக்கு. நமக்கும் வெள்ளைக்கு அப்படி ஒரு அர்த்தம் உண்டு என்பதால் எனக்கு உடனே புரிந்தது. லாவ்ஷி அன்று பக்கத்தில் இல்லையென்றால், மாலையில் கூட்டிப்போக வரும் யாரோ ஒரு தாத்தா அந்தக் கோலத்தைப் பார்த்துப் பதறியிருப்பார். கதைக்குச் சொந்தக்காரர் ஒருவர் அறைக்குள் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை இந்த ஒரு துணி எனக்குக் காட்டியது.

அக்டோபர்: நிலா

எட்டாம் சந்திர மாதத்தின் பதினைந்தாம் நாள், அந்த ஆண்டு அக்டோபர் 6. இரண்டு வாரத்தில், 20ஆம் தேதி, தீபாவளி. வகுப்பில் விளக்குகளுக்குக் குறைவில்லை.

வானத்தில் பத்துச் சூரியன்கள் ஒன்றாக வந்து உலகம் காய்ந்தபோது, வில்லாளி ஹோ யீ ஒன்பதை எய்து வீழ்த்துகிறார். அதற்குப் பரிசாகச் சாகாமருந்து கிடைக்கிறது. அதைத் திருட ஒருவன் வரும்போது, அவன் கைக்குப் போகக் கூடாது என்று மனைவி சாங்அ தானே விழுங்கிவிடுகிறாள். உடம்பு இலேசாகி மேலே, மேலே போய் நிலவில் தங்கிவிடுகிறாள். அங்கே அவளுக்குத் துணை, மருந்து இடிக்கும் ஒரு முயல்.

இதற்கு லாவ்ஷி தன் வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவந்தார். சீன ஆபெராவில் பெண் வேடத்தின் கை முனையில் தைக்கும் நீண்ட வெள்ளைத் துணி, அதற்கு நீர்க்கை என்று பொருள்படும் பெயர். மணிக்கட்டைச் சட்டென்று உதறினால் துணி அலைபோல் விரிந்து மறுபடி கைக்கு வரும். கோபம், வெட்கம், அழுகை எல்லாவற்றையும் அந்தத் துணியே பேசும். பிள்ளைகளுக்கு முழங்கை நீளத்தில் மெல்லிய துணி வெட்டி, ரப்பர் பட்டையோடு தைத்துக் கொடுத்தோம். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் எல்லாரும் சாங்அ ஆனார்கள். ஒரே நேரத்தில் ஏழு சாங்அ நிலவுக்குப் போன நாளும் உண்டு.

இலேசாவது எப்படி என்பதுதான் அவர்களுக்குப் பெரிய கேள்வி. நியான் பெட்டிக்குள் உட்கார்ந்த அந்தப் பையன் முதலில் காலணியைக் கழற்றினான். அப்புறம் காலுறையை. சட்டைப் பையில் இருந்த இரண்டு கூழாங்கல்லை எடுத்து என் கையில் கொடுத்தான். "இது இருந்தா மேல போக முடியாது," என்றான். பிறகு கால் விரல் நுனியில் நின்று, இரண்டு கையையும் உதறிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. ஹோ யீயாக இருந்தவள் கீழே இருந்து, "வா," என்று கூப்பிட்டாள். அவன் வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினான். அவள் போய் பொம்மை மூன்கேக்குகளை ஒரு தட்டில் அடுக்கி ஜன்னலோரம் வைத்தாள். நிலவைப் பார்த்துப் பலகாரம் படைக்கும் வழக்கத்தை லாவ்ஷி சொன்னது அதற்கு முந்தைய வாரம்.

முயலுக்கு இடிக்க ஏதாவது வேண்டுமே என்றதும் பாட்டி தன் வீட்டு இடிகல்லைக் கொண்டுவந்தார். மலாய்ப் பிள்ளைகள் அதைப் பார்த்து, "எங்க வீட்டு லெசுங்!" என்றார்கள். பேத்தி முயலுக்குப் பக்கத்தில் ஒரு பொம்மை வாணலியை வைத்து உட்கார்ந்தாள். நிலவில் பாட்டி வடை சுடுகிறாள் என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவள் அவள். "முயல் மருந்து இடிக்கட்டும். பாட்டி வடை சுடட்டும். நிலா பெருசுதானே," என்றாள். நான் லாவ்ஷியைப் பார்த்தேன், என்ன சொல்வாரோ என்று. அவர் குனிந்து, "எனக்கு ஒரு வடை," என்று கையை நீட்டினார்.

முயல் விஷயத்தில் நமக்கும் சொந்தம் உண்டு. பழைய நிகண்டுகளில் நிலவுக்கு முயற்கூடு என்றே ஒரு பெயர் இருக்கிறது. அதைத் தமிழ் நேரத்தில் சொன்னேன், பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். லாவ்ஷி தன் நேரத்தில், நிலவின் மறுபக்கத்தில் 2019 ஜனவரியில் இறங்கிய விண்கலத்துக்குச் சாங்அ 4 என்றும், அதிலிருந்து இறங்கி ஓடிய ஊர்திக்கு யூதூ 2, ஜேடு முயல், என்றும் பெயர் வைத்ததைச் சொல்லிப் படம் காட்டினார். மறுநாள் வேட மூலையில் அட்டைப்பெட்டி நியான் சக்கரம் முளைத்து நின்றது. அதற்கு முயல் காதும் இருந்தது.

ஆண்டின் கடைசி வாரம் துணிகளைத் துவைக்கப் பிரித்துக் கொடுத்தேன். ஆறாக ஓடிய புடவை பாட்டியிடமே போனது. அவர்கள் வீடு பள்ளிக்கு எதிர்ப் புளோக்கில், ஒன்பதாவது மாடி. மறுநாள் பிள்ளைகளைக் கீழே விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப்போனபோது, பூனைக்காரிதான் முதலில் நிமிர்ந்து பார்த்தாள். வீவக அடுக்குமாடி ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் மயில் நீலப் புடவை முழுசாகத் தொங்கிக் காற்றில் அசைந்துகொண்டிருந்தது.

"லாவ்ஷி, டீச்சர், அங்க பாருங்க. நம்ம ஆறு காயுது."